பக்கம் பார்த்த கடிகாரம்

கொல்லிமலையில் எழுந்தருளி, கேளாதவர்க்கும் அருளும் அறப்பளிநாதன் திருவடி முன்னிற்க.

அம்மலைமேல் சிறு மடம் ஒன்றில் வாகீச அடிகள் இருந்தார். அவருடைய சீடர் ஏகாம்பரம், ஓய்வுபெற்ற நில அளவையர். குருவினும் வயதில் மூத்தவர்.

சென்ற ஆண்டு மலைப்பாதையில் ஏகாம்பரம் நெஞ்சுவலியால் விழுந்து கிடந்தார். முன்பின் அறியாத ஒருவர் தம் வண்டியில் ஏற்றிவந்து அடிவாரத்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். நினைவு திரும்பியபின் செவிலி கொடுத்த உடைமைகளுள் ஒரு பழைய கைக்கடிகாரமும் இருந்தது. அது ஏகாம்பரத்தினுடையதன்று. அவரைத் தூக்கும்போது அந்த மனிதர் கழற்றி அவர் பையில் வைத்து மறந்ததாக இருக்கவேண்டும்.

அதன் கூடு விந்தையானது. ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து ஆப்புப் போலச் சரிந்திருந்தது. முகப்பு மேல்நோக்காமல் கட்டைவிரல் பக்கமாகப் பார்த்தது. செய்த நிறுவனத்தின் பெயரோ தேய்ந்துவிட்டது.

பிறர் பொருளென்று அதை அணியாமல், கடைதோறும் கொண்டுபோய்க் காட்டினார். ஒருவர் சுவிஸ் நாட்டுச் சரக்கு என்றார். மற்றொருவர் போலி என்றார். சேலத்துக் கடைக்காரர், "கீழ விழுந்து கோணியிருக்குங்க. வேற கூட்டுல போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் அடிகளிடம் வந்தார்.

"சுவாமி, இது இன்னதென்று தெரிந்தால் உடையவரைத் தேட வழி பிறக்கும். உயிரை மீட்டவர்க்கு ஒரு சொல் நன்றி கூறாமலே போய்விடுவேனோ என்று அஞ்சுகிறேன்."

அடிகள் கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பு அதனைச் சீடரின் இடக்கையில் கட்டிவிட்டார்.

"மடத்து ஜீப்பில் அடிவாரம் போய் அரிசி வாங்கி வாருங்கள்."

கொண்டை ஊசி வளைவில் ஏகாம்பரம் ஸ்டியரிங்கை இறுகப் பற்றினார். கடிகார முகப்பு நேரே அவர் கண்ணை நோக்கியது. கையை எடுக்காமலே மணி தெரிந்தது. அது கோணல் அன்று. வண்டி ஓட்டுபவர்க்கென்றே வார்த்த கூடு.

அடிவாரத்து வேன் ஸ்டாண்டில் இறங்கி, ஓட்டுநர்களிடம் நடந்ததைக் கூறி விசாரித்தார்.

"மலையில விழுந்தவங்கள எறக்கிவிடாத டிரைவர் இங்க யாருங்க? எத்தனைய நெனப்பு வச்சுக்கறது?" என்றார் ஒருவர்.

"என்னுதுன்னு சொல்லிடலாம் பெரியவரே. ஆனா மணி பார்த்து வண்டி எடுக்கறவன்னு என்னைச் சொன்னா, என் பொண்டாட்டியே நம்பமாட்டா," என்றார் இன்னொருவர். ஸ்டாண்டே சிரித்தது.

ஏகாம்பரம் மடம் திரும்புகையில் இரவு நெடுநேரமாகியிருந்தது. ஜீப்பில் அரிசி இல்லை.

பொறுத்தருள வேண்டும் என்று வணங்கி, நிகழ்ந்ததைச் சொன்னார். கடைக்குப் போகும் வழியில், வலிப்பு வந்த பிள்ளையை மடியிலிட்டு ஒரு தாய் பேருந்துக்குக் காத்திருந்தாள். இருவரையும் நாமக்கல் பெரிய மருத்துவமனையில் சேர்த்து வருவதற்குள் கடை அடைத்துவிட்டார்கள்.

"கடிகாரம் இன்னதென்று தெரிந்துவிட்டது, சுவாமி. உடையவர்தாம் தெரியவில்லை. யாரிடம் போய் என் நன்றியைச் சொல்வேன்?"

"அந்தத் தாயிடம் உங்கள் பெயரைச் சொன்னீர்களா?"

"இல்லை, சுவாமி. பிள்ளை கண் விழித்தது. அதைப் பார்த்ததும் வந்துவிட்டேன்."

அடிகள் கைகூப்பினார்.

"உங்களைக் காத்தவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்."



இதனைக் கேட்டோரும், வழியில் விழுந்தோரும், விழுந்தோரைத் தாங்கினோரும் அவனருளால் நீடு வாழ்க.