மேல்தட்டில் ஏறிய மிளகு

காற்றுக்கு வரி போடலாம் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றாத காலம் அது. கடலோரத்தில் சங்குத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். கடைக்கோ ஊருக்கோ தலைவராக இருப்பவர் யாராவது இங்கே இருந்தால், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தப் பட்டினத்தில் தனியாகக் கப்பல் கட்ட யாருக்கும் வசதி இல்லை. அதனால் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒரே கப்பல் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவரவர் சரக்கை அதில் ஏற்றிக்கொண்டு, கடல் தாண்டிக் கிழக்குத் தீவுக்குப் போய் விற்றுவிட்டு வருவார்கள்.

சரக்கு ஏற்றுவதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஏறுவது, வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தலைவரின் சரக்கு. அது பத்திரமாக அடித்தட்டுக்குப் போகும். அடுத்து பணக்காரர்களின் சரக்கு. அது நடுத்தட்டில் இருக்கும். கடைசியில் ஏழை வியாபாரிகளின் மூட்டைகள். அவை மேல்தட்டில், வெயிலிலும் சாரலிலும் கிடக்கும்.

புயல் வந்தால் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிவார்கள். தலைவர் கையசைத்தால்தான் எறியலாம். கைக்கு முதலில் எட்டுவது எது? மேல்தட்டில் இருப்பதுதானே! எறிந்தது எறிந்ததுதான், அது உடையவனின் தலையெழுத்து என்று சொல்லிவிடுவார்கள். தலையெழுத்தாம்! மூட்டையை மேலே கொண்டுபோய் வைத்தது பிரம்மாவா?

இதனால் தலைவர்களுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. வானம் கறுத்திருந்தாலும் பாயை விரி என்பார்கள். கப்பல் அமுங்கியிருந்தாலும் இன்னும் ஏற்று என்பார்கள். அலை கொஞ்சம் ஆட்டினால் போதும், உடனே கையை அசைத்துவிடுவார்கள். போவது அவர்கள் சரக்கு இல்லையே.

அப்படிப்பட்ட தலைவர் ஒருவர் காலமானார். புதுத் தலைவர் யார் என்று வியாபாரிகள் பேசினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடியும் பேசினார்கள். கடைசியில் மிளகு வியாபாரி கொற்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் கடைத் தராசில் குறை சொன்னவர் அந்த ஊரில் கிடையாது.

கொற்றி முதல் நாளே உத்தரவு போட்டாள். "இனிமே அடித்தட்டுல ஏழைங்க சரக்கு. நடுத்தட்டுல மத்தவங்க சரக்கு. மேல்தட்டுல என் மிளகு."

துறைமுகமே வாயைப் பிளந்தது. சுக்கு வியாபாரி அழிசிக்கு மொத்தச் சொத்தே மூன்று மூட்டைச் சுக்குதான். அவன் தன் காதையே நம்பாமல், "அக்கா, எது அடித்தட்டு? கப்பலோட அடித்தட்டா?" என்று கேட்டான்.

பட்டு வியாபாரி கண்ணந்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் ஊரிலேயே பெரிய பணக்காரர். தலைவர் பதவி தன்னைத் தேடி வரும் என்று காத்திருந்தவர். அவர் முன்னால் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"நல்லாத்தான் பேசுற கொற்றி. ஆனா ஒண்ணு யோசிச்சியா? மிளகும் உன்னுது, அசைக்கிற கையும் உன்னுது. கப்பலே முழுகினாலும் நீ கையசைக்க மாட்டே. உன் மூட்டைக்காக நாங்க எல்லாரும் மீனுக்கு இரையாகணுமா?"

"நியாயமான கேள்விதான் அண்ணாச்சி. பதில கடல்ல சொல்றேன்" என்றாள் கொற்றி.

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கேள்வி அவள் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. மலைக்காரர்களிடம் ஒரு வருஷம் அலைந்து சேர்த்த மிளகு முழுவதும் அந்த மேல்தட்டில்தான் இருந்தது. அது போனால் கடையை மூடிவிட்டு, வேறொருவர் கடையில் மிளகு புடைக்கப் போக வேண்டியதுதான். அவள் புயலுக்குப் பயப்படவில்லை. தன் கைக்குத்தான் பயந்தாள்.

புறப்படும் நாள் வந்தது. பக்கத்துப் பட்டினத்துக் கப்பல் அதிகாலையிலேயே பாய் விரித்துப் போய்விட்டது. "நாமளும் கிளம்புவோம், முந்தினவனுக்குத்தான் நல்ல விலை" என்று கண்ணந்தை அவசரப்படுத்தினார். கொற்றி மாலுமி ஓரியைக் கூப்பிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

ஓரிக்கு நரைத்த மீசை. இத்தனை வருஷத்தில் எந்தத் தலைவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "தெக்கால மேகம் சரியில்லம்மா. கலையட்டும். நான் சொன்னா கேப்பீங்களா?" என்றார்.

"என் மிளகுல்ல மேல கிடக்குது! கேக்காம என்ன செய்வேன்?" என்றாள் கொற்றி. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணந்தை கூட மீசைக்குள் சிரித்தார் என்று சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

மேகம் கலைந்த பிறகு கப்பல் புறப்பட்டது. நடுக்கடலுக்குப் போனபோது அலைமேல் மூட்டைகள் மிதந்து வந்தன. கிழிந்த கோணிகள், அவிழ்ந்த ஓலைப்பாய்கள், ஊறிப்போன கருவாட்டுச் சிப்பங்கள். முந்திப் போன கப்பலின் மேல்தட்டுச் சரக்கு அது. யாருடைய சரக்கு என்று பெயர் தெரியாவிட்டாலும், எப்படிப்பட்டவருடையது என்று அழிசிக்குத் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காத்திருந்து வந்ததால் கொற்றியின் கப்பலுக்குக் கடல் சலுகை காட்டியதா? அதெல்லாம் இல்லை. நல்லவர்களுக்கென்று அது தனியாக ஒரு காற்று வைத்திருப்பதில்லை. தீவுக்கு அரைநாள் தூரம் இருக்கும்போது, பட்டப்பகலிலேயே வானம் இருண்டது.

முதல் காற்று அடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆட்கள் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு கொற்றியின் கையைப் பார்த்தார்கள். பழைய தலைவராக இருந்தால் அப்போதே அசைத்திருப்பார். கொற்றி ஓரியைப் பார்த்து, "தாங்குமா?" என்று கேட்டாள். "தாங்கும்மா" என்றார் ஓரி. கை அசையவில்லை.

இரண்டாம் காற்று அடித்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது. "தாங்குமா?" என்றாள். "எல்லாரும் இறைச்சா தாங்கும்" என்றார் ஓரி. கொற்றி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். தலைவியே இறைக்கும்போது கண்ணந்தை என்ன செய்வார்? பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் இறைத்தார்.

மூன்றாம் காற்று அடித்தது. பாய்மரம் முறிகிற மாதிரி ஓலமிட்டது. கொற்றி கேட்பதற்கு முன்பே ஓரி கத்தினார்: "இனித் தாங்காதும்மா! பாரத்தைக் குறைக்கணும்!"

அந்த நொடியில் கண்ணந்தை அவள் அருகே வந்து, காதோடு சொன்னார். "அவசரப்படாதே. அடித்தட்டைத் திறந்து சுக்கை எறிவோம். சுக்கு மலிவு, மிளகு விலை உசந்தது. மலிவானதை எறிஞ்சு உசந்ததைக் காப்பாத்துறதுதான் வியாபாரம். யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அது உதவியா, பொறியா? கண்ணந்தைக்கே தெரிந்திருக்காது. ஆனால் கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! கொற்றிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவளும் மனுஷிதானே. அவள் மிளகு மூட்டைகளைப் பார்த்தாள். தன் கடையைப் பார்த்தாள், பூட்டிய கதவோடு. பிறகு வாளியோடு மூச்சிரைக்க நின்ற அழிசியைப் பார்த்தாள்.

"மூட்டைக்குத்தான் விலை குறைச்சல் அண்ணாச்சி. அவன் வீட்டுல அது மட்டும்தானே இருக்கு" என்றாள்.

கையசைத்தாள். அசைத்த கையாலேயே முதல் மூட்டையைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளினாள்.

அப்புறம் மளமளவென்று மூட்டைகள் போயின. அதில் ஒன்று கம்பியில் சிக்கிக் கிழிந்துவிட்டது. மிளகுத் தூசி காற்றில் பறந்து எல்லோர் மூக்கிலும் ஏறியது. உயிர் போகிற நேரத்தில் கப்பல் முழுவதும் தும்மல்! ஓரி தும்மிக்கொண்டே சுக்கானைத் திருப்பினார். அழிசி அழுதுகொண்டே தும்மினான். மேல்தட்டு காலியானபோது கப்பல் தலை நிமிர்ந்து அலைமேல் ஏறியது.

மாலை வெயிலில் அவர்கள் தீவுக் கரையில் இறங்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அடித்தட்டில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. கொற்றி மட்டும் சந்தையில் வெறும் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

அழிசி ஒரு மூட்டைச் சுக்கைத் தோளில் தூக்கிவந்து அந்தப் பாயில் இறக்கினான். "எடுத்துட்டுப் போலே! உன்கிட்ட இருக்கிறதே மூணு" என்று கொற்றி அதட்டினாள். "அது மேல்தட்டுல இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காதேக்கா. இது உங்களோடது" என்றான் அவன். அவனைப் பார்த்து உப்பு வியாபாரி வந்தார், கயிறு வியாபாரி வந்தார், கருப்பட்டி வியாபாரி வந்தார். அவரவர் சரக்கில் ஒரு பங்கை வைத்தார்கள். பாய் போதாமல் போயிற்று.

கடைசியாகக் கண்ணந்தை வந்தார். ஒரு கட்டுப் பட்டுத் துணியை வைத்தார். "நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டே. அடுத்த பயணத்துல என் பட்டும் மேல்தட்டுலதான் வரும். நஷ்டம் வந்தா எல்லாருக்கும் பங்கு, லாபம் வந்தாலும் பங்கு. என்ன சொல்றே?" என்றார். கொற்றிக்கு அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

கப்பல் ஊர் திரும்புவதற்கு முன்பே சேதி திரும்பிவிட்டது. துறைமுகம் நிறைய ஜனம் நின்று குலவையிட்டது. அடுத்த பருவத்தில், கடலுக்குச் சரக்கு அனுப்பவே பயந்திருந்த சின்ன வியாபாரிகள் எல்லா ஊர்களிலிருந்தும் தலைச்சுமையோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு கப்பல் போதவில்லை, இரண்டாவது கட்டினார்கள். அதுவும் போதவில்லை, மூன்றாவதும் கட்டினார்கள். நல்ல மாலுமிகள் கொற்றியின் கப்பலில்தான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மூன்று கப்பல்களும் பாய் விரித்துப் போகும்போது, மூன்றின் மேல்தட்டிலும் கொற்றியின் மிளகு வெயில் காய்ந்துகொண்டு போயிற்று.

கதை கேட்டவர்களே, இதன் நீதி இதுதான்: முடிவெடுக்கும் கை யாருடையதோ, அந்த முடிவால் வரும் நஷ்டத்தின் முதல் மூட்டையும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.