ரெண்டாவது நாற்காலியில உக்காந்த பிகோனியா

ஒரு ஊர்ல ஒரு முடிவெட்டுற கடை இருந்துச்சாம். எந்த ஊரு? குன்னூரு. கடைக்குள்ள சுத்துற நாற்காலி ரெண்டு. ஒண்ணுல சிங்காரம் வெட்டுவாரு, இன்னொண்ணுல அவர் கூட்டாளி மருதையன் வெட்டுவாரு. இருபது வருஷமா கறிச் கறிச், கறிச் கறிச். ம் சொல்லு.

"ம்."

அப்புறம் மருதையன் முழங்காலுக்குக் குன்னூர்க் குளிர் ஒத்துக்கல. மேட்டுப்பாளையத்துல மக வீட்டுக்குக் கெளம்பிட்டாரு. போறப்போ, தான் வளத்த பிகோனியாச் செடியைத் தொட்டியோட தூக்கித் தன் நாற்காலியில வெச்சாரு. மூங்கில் மாதிரி கணுக்கணுவா தண்டு, றெக்கை மாதிரி இலை, இலை பூரா வெள்ளைப் பொட்டு.

"சிங்காரம், ஆவணில வருவேன். இது பட்டுப்போயிருந்துச்சுன்னா உன் மொகத்துல முழிக்க மாட்டேன்டா"ன்னாரு.

சிங்காரத்துக்குத் தலையைப் பத்தித் தெரியும், செடியைப் பத்தி என்ன தெரியும்? அதனால தலைக்குச் செய்றதையே செடிக்கும் செஞ்சாரு. கடை தொறந்ததும் புஸ் புஸ் புஸ்னு இலைக்குத் தண்ணி அடிச்சாரு. பத்து நாள்ல இலை மேல வெள்ளையா பூசணம். பவுடர்தான் பறந்து ஒட்டிருச்சுன்னு, கழுத்து தட்டுற பிரஷ்ஷால தட்டினாரு. போகுமா? போகல.

அப்புறம், வர்றவங்களுக்கு டீ சொல்றப்பெல்லாம் செடிக்கும் ஒரு டம்ளர் தண்ணி. இலை மஞ்சளாகி பொத், பொத்.

சோறு கொண்டுவந்த அவர் பொண்டாட்டி அரசி தொட்டியில விரலை விட்டுப் பாத்தா. "சேறா கெடக்குங்க! மேல்மண்ணு காஞ்சப்புறம் ஊத்துங்க. இலையை நனைக்காதீங்க."

அப்படியே செஞ்சாரு. செவ்வாக்கிழமை லீவு முடிஞ்சு புதன்கிழமை வந்ததும் நாற்காலியைக் கிறீச்னு கொஞ்சம் திருப்பி விடுவாரு. ஜன்னல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் படணும்ல? செடி பொழச்சுது. ம்?

"ம்..."

ஆனா ஒத்தைத் தண்டு நெடுநெடுன்னு வளந்து, கீழ மொட்டை, உச்சியில நாலு இலை, எப்ப முறியுமோன்னு ஆடுச்சு.

"வெட்டிவிடுங்க, கிளைக்கும்"னா அரசி.

"முடின்னா வளரும்டி. இது வளரலேன்னா?"

"முடி வளராத தலையெல்லாம் வந்து உக்காந்தா வெட்டாமலா அனுப்புறீங்க?"

அப்போ சிங்காரம் தொட்டிக்கு வெள்ளைத் துணியைச் சுத்திக் கட்டினாரு. பழக்க தோஷம், செடிகிட்டயே "எவ்ளோ கொறைக்கட்டும்?"னு கேட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, ஒரு கணுவுக்கு மேல... கறக்!

வெட்டின துண்டைத் தூக்கிப் போட மனசு வரல. சவரக் குவளையில தண்ணி ஊத்தி வெச்சாரு. ஒரு மாசத்துல துண்டுக்கு வெள்ளையா வேர், நரைச்ச தாடி மாதிரி. தொட்டியில இருந்த தண்டுல? செக்கச்செவேல்னு ரெண்டு துளிர்!

ஆவணி வந்துச்சு. மருதையனும் வந்தாரு. செடியைப் பாத்தாரு.

"என்னடா, ஒட்ட வெட்டிருக்க?"ன்னு குனிஞ்சு இலையைத் தூக்கினாரு. அடியில ஜிமிக்கி மாதிரி கொத்தா ரோஸ் பூ!

"எங்கிட்ட ஒரு பூ பூக்கலையேடா இது! பாத்தவங்கல்லாம் வெட்டச் சொன்னாங்க, எனக்குத்தான் கை வரல."

"எனக்கு மட்டும் வந்துச்சா? கண்ணை மூடிக்கிட்டுல்ல வெட்டினேன்"னு குவளையை அவர் கையில குடுத்தாரு சிங்காரம். "இது உனக்கு. மேட்டுப்பாளையத்துல வெயில்ல வெச்சிராத."

மருதையன் உக்கார எடம் தேடினாரு. அவர் நாற்காலியிலதான் செடி இருக்கே! சிங்காரம் தன் நாற்காலியைத் தோள்துண்டால டப் டப்புனு தட்டினாரு.

"இதுல உக்காரு. எவ்ளோ கொறைக்கட்டும்?"

"செடிக்குக் கொறைச்ச அளவு வேணாம்டா!"

கறிச் கறிச்... கறிச் கறிச்... ம் சொல்லு.

ம்மைக் காணோமே.

கடையைச் சாத்தியாச்சு, கதையும் ஆச்சு. தூங்கு.