நடுவே அறுத்த சுருள்கல்

கையில் வேலை இருந்தால் கீழே வைக்க வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். கடைசியில் ஒரு கேள்வி வரும்; பதில் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அரியலூர்ப் பக்கம் ஓடைக்கரை சரிந்தால் கடல் எட்டிப் பார்க்கும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அங்கே கடல்தான்; அதில் வாழ்ந்தவற்றின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் மூன்று பேர் ஓர் ஊரில் இருந்தார்கள். ஆடு மேய்க்கும் தமயந்தி கண்டெடுப்பாள். அங்கன்வாடி டீச்சர் மரகதம் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் சொல்வாள். டைல்ஸ் வேலை செய்யும் இன்னாசி தேய்த்து மெருகேற்றுவான். கண்டெடுத்தவர் சொன்னபடிதான் மற்றவர்கள் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு.

வருஷா வருஷம் இந்தக் கற்களை வைத்து ஒரு கண்காட்சி நடக்கும். போன வருஷம் அதில் தமயந்தி ‘அம்மோனைட்’ என்று எழுதி வைத்த கல், நாட்டிலஸ் என்று தெரிந்தது. இரண்டும் பழைய கடல் உயிர்கள்; அவற்றின் ஓடு அக்கா தங்கை மாதிரி ஒன்றுபோலவே சுருண்டிருக்கும். கூட்டத்தின் நடுவில் சீட்டைக் கிழித்தார்கள். ஆட்டுப் புழுக்கைக்கும் ஒரு பெயர் எழுதிக் கொண்டுவரவில்லையா என்று ஒருவர் கேட்டதை அவள் மறக்கவில்லை. இந்த வருஷம் சரியான பெயரோடு நடு அலமாரியில் தன் கல்லை ஏற்றியே தீருவது என்று கோடை முழுக்க ஓடையில் அலைந்தாள். கிடைத்தது, தோசைக்கல் அகலத்தில், ஒரு விரிசல்கூட இல்லாத சுருள்.

“மேல தேய்ச்சுப் பாரு இன்னாசி. அம்மோனைட்டா இருந்தா இலை நரம்பு மாதிரி கோடு தெரியும். ஆனா அறுக்கக் கூடாது. முழுசா இப்படி ஒண்ணு இனிமே எனக்குக் கிடைக்காது.”

இன்னாசி தலையாட்டினான். தண்ணீர் விட்டு, உப்புத்தாளை மாற்றி மாற்றி நாலு நாள் தேய்த்தான். கோடு தெரியவில்லை. இன்னும் தேய்த்தால் சுருளின் மேல்வரிகளும் போய்விடும். பதிவுக்குக் கடைசி நாளும் வந்தது. அன்று பார்த்துத் தமயந்தி, பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் இருந்தாள், போனும் எடுக்கவில்லை.

‘பெயர் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள் மரகதம். பெயரில்லாத கல் தாழ்வாரத்து மேஜைக்குத்தான் போகும். கண்காட்சி முடியும் நாளில் வரும் நிபுணர் பார்த்துச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம்.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. தமயந்தி அக்காவைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள் என்றான். டைல்ஸ் வெட்டும் மெஷினில் வைத்துச் சுருளின் நடுவே நேராக அறுத்துவிட்டான். உள்ளே அறை அறையாகப் பளபளத்தது. அறைகளைக் கோத்துப் போகும் குழல் நாட்டிலஸுக்கு நடுவில் இருக்கும். அம்மோனைட்டுக்கு வெளி விளிம்பை ஒட்டி இருக்கும். இதில் விளிம்பை ஒட்டியே ஓடியது. சந்தேகமே இல்லை. இரண்டு பாதியும் மெருகேறி, தமயந்தி பெயரோடு நடு அலமாரியில் உட்கார்ந்தன.

கண்காட்சியின் மூன்றாம் நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தமயந்தி வந்தாள். அலமாரியைச் சுற்றி ஒரே பாராட்டு. அவள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கல்லு என்னுது. அறுக்கச் சொல்லி யாருப்பா சொன்னது?”

“சரியான பேரு வேணும்னு நீதானக்கா சொன்ன. பேரு உள்ள இருந்துச்சு.”

“அறுக்கக் கூடாதுன்னும் நான்தான் சொன்னேன்.”

அலமாரியைத் திறக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது சொல்லுங்கள். தெரியாது என்று எழுதச் சொன்ன மரகதமா, அறுத்துப் பெயரைக் கண்ட இன்னாசியா, கிடைத்த இடத்தையே உதறிவிட்டுப் போன தமயந்தியா, இதில் யார் செய்தது சரி?

என் கணக்கில் மரகதம்தான். பெயரை அடுத்த வருஷமும் தேடலாம். அறுத்த கல் ஒட்டாது. இன்னாசி நல்ல எண்ணத்தில்தான் செய்தான், ஆனால் வேண்டாம் என்றவள் இல்லாத நேரத்தில் செய்தான். தமயந்தியின் கோபம் நியாயம். அதற்காகக் கல்லை வீட்டில் பூட்டினால் நஷ்டம் அவளுக்குத்தான். அது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். மறுநாள் காலையில் இரண்டு பாதியையும் கொண்டுவந்து அலமாரியில் வைத்து, சீட்டைத் தன் கையாலேயே எழுதினாள்: ‘அம்மோனைட். கண்டெடுத்தது தமயந்தி. கேட்காமல் அறுத்தது இன்னாசி.’