உள்பக்கச் சக்கரம்

மலையின் பாதி உயரத்தில், கைவிடப்பட்ட ஒரு எஸ்டேட்டின் பாதையில், பந்தயக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார் ஜெபக்கனி. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

பனி விலகாத ஒரு காலையில் குப்புராஜ் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூடவே இறங்கிய தியாகு அவர் மனைவியின் தம்பி. பந்தயத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, அடுத்து என்ன வளைவு என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவது அவன் வேலை. போன மழைக்காலத்தில் இருவரும் ஒரு வளைவில் கவிழ்ந்தார்கள். தியாகுவால் இடது கையை இன்னும் முழுதாக நீட்ட முடியவில்லை.

“மாஸ்டர், இது முன்சக்கரம் இழுக்கற வண்டி. வளைவுல உள்பக்கச் சக்கரம் குதிக்குது. எப்படி நிறுத்தறதுங்க?”

“குதிக்குதுன்னு மரியாதையாச் சொல்றார்,” என்றான் தியாகு. “தவளை மேல உக்காந்து வர்ற மாதிரி இருக்குங்க. காலையில தின்ன இட்லி மாவாயிருச்சு.”

“வாயை மூடு மாப்ள.”

“மூடிக்கறேன். ஆனா இன்னைக்கு இது நிக்கலைன்னா, இனி உங்க பக்கத்துல நான் உக்கார மாட்டேனுங்க மாமா. அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குப்புராஜ் சிரிக்கவில்லை. தியாகுவைத் தவிர வேறு ஒருவர் குரலைக் கேட்டு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓட்டியதில்லை.

மாஸ்டர் காரின் அடியில் குனிந்து பார்த்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்துக்கொண்டு ஒரு கம்பி கிடந்தது. குழந்தையின் மணிக்கட்டுத் தடிமன்.

“இது எப்ப மாட்டினது?”

“கவிழ்ந்த பிறகு. வண்டி சாயவே கூடாதுன்னு சொல்லிச் செஞ்சு வாங்கினேன். அன்னைக்குச் சாய்ஞ்சதாலதானே எல்லாம் போச்சு.”

மாஸ்டர் ஜாக்கி வைத்தார். கம்பியின் முனைகளைச் சக்கரங்களோடு சேர்க்கும் இரண்டு இணைப்புகளையும் கழற்றினார். எழுந்து பாதையோரம் போனார். இரண்டையும் பள்ளத்தில் வீசினார்.

இரும்பு பாறையில் பட்ட சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

குப்புராஜ் பாதையோரத்துக்கு ஓடினார்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க மாஸ்டர்! அது இல்லாம கம்பி வேலை செய்யாதே! இந்த மலையில எப்படி ஓட்டறது? என் மச்சினனைக் கொல்லச் சொல்றீங்களா?”

“வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கறப்போ அந்தக் கம்பி உள்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குது. தரையில பாவாத சக்கரம் குதிக்காம என்ன செய்யும்? ஏறுங்க.”

“கவிழ்ந்துட்டா?”

“நானும்தானே வர்றேன்,” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார் மாஸ்டர்.

தியாகு வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தான்.

முதல் வளைவில் கார் சாய்ந்தது. வைக்கோல் ஏற்றிய வண்டிபோலச் சாய்ந்தது. ஆனால் உள்பக்கச் சக்கரம் குதிக்கவில்லை. தரையைத் தடவிக்கொண்டே வந்தது.

“அட!” என்றான் தியாகு.

இரண்டாவது வளைவு இன்னும் குறுகல். கார் இன்னும் சாய்ந்தது. பாதித் திருப்பத்தில் தடதடவென்று குதித்தது சக்கரம். ஸ்டீயரிங் கையில் உதறியது. முகப்பு திரும்ப மறுத்து நேரே ஓரத்துக்கு ஓடியது. குப்புராஜ் பிரேக்கில் ஏறி நின்றார். முன்சக்கரத்தடியிலிருந்து கூழாங்கற்கள் உதிர்ந்து பனிக்குள் விழுந்தன.

“பாத்தீங்களா! கம்பி இருந்திருந்தா...”

“வண்டி சாய்ஞ்சதும் என்ன செஞ்சீங்க?”

“ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்.”

“கால்?”

குப்புராஜ் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.

“ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன்.”

“ஏன்?”

“சாயுதுங்களே. சீக்கிரம் வெளிய வந்துரலாம்னு.”

“திரும்பறதும் அதே சக்கரம். இழுக்கறதும் அதே சக்கரம். திரும்பி முடிக்கறதுக்குள்ள மிதிச்சா அது வழுக்கும், பிடிக்கும், மறுபடி வழுக்கும். அதுதான் இந்தக் குதி.” மாஸ்டர் சற்று நிறுத்தினார். “கவிழ்ந்த அன்னைக்கு? அன்னைக்கும் குதிச்சுதா?”

குப்புராஜுக்குத் தெரியவில்லை. வானம் கீழே வந்தது மட்டும்தான் அவர் நினைவில் இருந்தது.

“குதிச்சுது,” என்றான் தியாகு. அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “முதல்ல நீங்க மிதிச்சீங்க மாமா. அப்புறம் குதிச்சுது. அப்புறம் இதே மாதிரி நேராப் போய் ஓரத்துல இறங்குச்சு. கவிழ்ந்தது அதுக்கப்புறம்.”

எஞ்சின் அணைந்திருந்தது. பனியில் எங்கோ ஒரு பறவை ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

“ஏன்டா இத்தனை நாளாச் சொல்லல?”

“நீங்க கம்பியைப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க. என்னைக் கேக்கவே இல்லையே.”

குப்புராஜ், தியாகுவின் மடியில் மடங்கிக் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து தன் கைகளை எடுத்துக்கொண்டார்.

“இறங்கிக்க மாப்ள. நீ அக்காகிட்டச் சொன்னதுதான் சரி. இறங்கிக்க.”

தியாகு இறங்கவில்லை. நீட்ட முடியாத அந்தக் கையால் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டான். முன்கண்ணாடியைப் பார்த்தபடி, பந்தயத்தில் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

“அடுத்தது வலது. கொண்டை ஊசி.”

குப்புராஜ் பின்னால் திரும்பினார்.

“எனக்குப் பயமா இருக்குங்க மாஸ்டர். பயம் போன பிறகு வந்து ஓட்டட்டுமா?”

“நீங்க பயப்படுங்க,” என்றார் மாஸ்டர். “உங்க கால் பயப்பட வேண்டாம்.”