கல்தொட்டி மீனுக்கு வைத்த விருந்து

வெகு காலத்துக்கு முன்னால், கப்பல் வந்து நிற்கும் ஒரு பட்டினத்தில் சடையநாதர் என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தார். எந்தப் பட்டினம், எந்த ராஜா காலம் என்று நடுவில் யாராவது கேட்டால் கதையை அப்படியே நிறுத்திவிடுவேன். எனக்கும் தெரியாது, போதுமா?

சடையநாதர் நல்ல மனிதர். விருந்து வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ஒரு பழக்கம். விருந்தாளியின் இலைக்கு எதிரே நின்றுகொண்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். "என்ன, கொறிக்கிறீங்க? நல்லாச் சாப்பிடுங்க, நான் பார்க்கணும்" என்பார். இலை காலியாகும்வரை நகரமாட்டார். நம் பக்கத்தில் இதற்கு உபசாரம் என்று பெயர். மாட்டிக்கொண்டவனைக் கேட்டால் வேறு பெயர் சொல்வான்.

ஒரு தடவை மிளகு விற்றுவிட்டுத் திரும்பும்போது, ஆளில்லாத ஓர் ஊர் வழியாக வந்தார். சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. அடுப்புகள் இருந்தன, சாம்பல்கூட இல்லை.

"பஞ்சத்துல ஊரே பசியோட செத்துப் போச்சுங்க ஐயா. இங்க தண்ணி எடுக்க வேண்டாம்" என்றான் வண்டிக்காரன்.

தாகம் யார் பேச்சைக் கேட்கும்? சடையநாதர் கிணற்றில் மண்குடத்தை இறக்கினார். தண்ணீரோடு ஒரு மீனும் வந்தது.

விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு கன்னங்கரேல், கண் மட்டும் வெள்ளை வெளேர். "அடடா, என்ன அழகு! நம்ம குழந்தை பார்த்தா சிரிக்குமே!" என்று குடத்தை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டு முற்றத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது. அதைப் பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டார். கிணற்றுத் தண்ணீர் பாசி நாறுகிறது என்று குடத்தோடு கொல்லையில் வைத்துவிட்டார். அப்புறம் என்ன, வழக்கம்போல எதிரே நின்றார். தெரு முழுக்க வந்து தொட்டியைச் சுற்றி நின்றது. மீன் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. போட்ட பொரி ஊறி, அடியில் போய்ச் சேர்ந்தது. மீன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வீட்டுப் பூனை பாலை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அதற்கு மறுநாள் பசு வைக்கோலைத் தொடவில்லை. அதற்கும் மறுநாள், அவர் மனைவி வடிவுடையாள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அழக்கூட இல்லை. தொட்டி இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பெற்ற வயிறு பதறாமல் என்ன செய்யும்!

வைத்தியர் வந்து பார்த்தார். "உடம்புல நோயே இல்லம்மா. ஆனா பால் இறங்கலைன்னா உயிர் தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அந்த மீன் பட்டினியா இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல எதுவும் சாப்பிடாதுங்க" என்றாள் வடிவுடையாள். கிணற்றில் திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்றால் அது பல நாள் வழி. குழந்தை அதுவரை தாங்காது.

முதலில் சமையற்காரர் வந்தார். நெய் சொட்டச் சொட்டப் பொங்கல் கிண்டித் தொட்டியில் போட்டார். மீனுக்கு நெய்ப்பொங்கல்! தண்ணீர் முழுக்க நெய் படர்ந்தது. மீன் மூலையை விட்டு அசையவில்லை.

அடுத்து ஒரு மந்திரவாதி வந்தான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து உடுக்கையை அடி அடியென்று அடித்தான். மீன் நடுங்கியது. அதன் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

கடைசியில் சடையநாதரே வந்தார். "சாப்பிடு தாயே, உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்" என்று அழுதார். மீனுக்குக் கால் ஏது என்று சிரிக்காதீர்கள். பிள்ளை உயிர் போகிறதென்றால் நீங்களும் அப்படித்தான் உளறுவீர்கள். அழுதபடி தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். அவர் முகம் தெரிந்தது. அந்த முகத்தைச் சுற்றி வேறு முகங்களும் தெரிந்தன. ஒட்டிய கன்னம், மூடிய வாய், வெள்ளைக் கண்.

நிமிர்ந்து பார்த்தார். முற்றத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் போட்ட கூச்சலில் வடிவுடையாள் ஓடிவந்தாள். பார்த்ததைச் சொன்னார்.

"என்ன செஞ்சாங்க அவங்க?"

"ஒண்ணும் செய்யல. கண்ணை எடுக்காம என்னையே பார்த்தாங்க வடிவு. என் உயிரே போயிடுச்சு. எச்சில்கூட முழுங்க முடியல."

அவள் மூலையில் ஒட்டிக்கிடந்த மீனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, நீங்க, உங்க அம்மா, அத்தை, எல்லாரும் என் இலையைச் சுத்தி நின்னீங்க. சாப்பிடு, சாப்பிடுன்னீங்க. ஒரு வாய் இறங்கல. அப்புறம் யாருக்கும் தெரியாம நெல்லுக் குதிருக்குப் பின்னால ஒளிஞ்சு பழைய சோறு தின்னேன். அங்கதான் எனக்குப் பசியே எடுத்துச்சு."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"சொல்ல விட்டீங்களா?"

வீட்டில் இருந்த மற்ற எல்லோரையும் அவள் வெளியே அனுப்பினாள். நெய்த் தண்ணீரை மொண்டு கொட்டினாள். கொல்லையில் கிடந்த குடத்தை எடுத்துவந்தாள். பாசித் தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் கலந்தாள். ஓர் உடைந்த சட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்தாள். மேலே பாதிக்குத் தென்னங்கீற்றைப் போட்டு மூடினாள். குழந்தையைக் கணவர் கையில் கொடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, தானும் அப்படியே பக்கத்தில் நின்றாள்.

"என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க."

சடையநாதரிடம் மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால்கூடத் தூக்கியிருப்பார். பார்க்காமல் இருக்கச் சொன்னால்?

உச்சி வெயில். காக்கைகூடக் கத்தவில்லை. முதலில் தண்ணீர் மெதுவாக அலம்பியது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் இலை விரிக்கும் சத்தம். ஓர் இலை இல்லை, வரிசையாக நிறைய இலைகள். ஆட்கள் சம்மணம் போட்டு உட்காரும் சத்தம். சோறு பிசையும் சத்தம். பிறகு எல்லாம் நின்றது. அவர் பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

"ஐயா, நாங்க சாப்பிடறதைப் பார்க்க மாட்டீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

அவர் கழுத்து தானாகத் திரும்பப் போனது. வடிவுடையாள் அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். கையில் குழந்தை துணிபோலத் துவண்டு கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க. நான் பார்க்கல" என்றார்.

ஈர மூச்சு விலகியது. சோறு பிசையும் சத்தம் மறுபடி கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. கடைசியில் வயிறு நிறைந்த ஏப்பம் ஒன்று, அப்புறம் வெறும் வெயில்.

குழந்தை வீலென்று அலறியது. பசி, பசி என்று தெருவுக்கே கேட்கும்படி அலறியது. வடிவுடையாள் அதைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது. அவள் அழுதாள், சடையநாதரும் வெட்கமில்லாமல் அழுதார். கொட்டிலில் பசு கத்தியது.

தொட்டியில் ஒரு புழுகூட மிச்சமில்லை. சட்டிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வால் மட்டும் தெரிந்தது. அதையும் உற்றுப் பார்க்காமல் சடையநாதர் உள்ளே போனார்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: புதிதாக வந்து அஞ்சி நிற்கும் உயிருக்கு, உணவு கொடுப்பதற்கு முன்னால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுக்க வேண்டும்.