புளியந்தோப்பில் மாறிய குடங்கள்

இது ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கேட்கும்போது மனம் கனக்கும், கனக்கட்டும். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்குன்ற நாட்டில் கோடைத் திருவிழாவன்று ஓர் ஓட்டம் நடக்கும். கடற்கரையில் புறப்பட்டு, கொளுத்துகிற வெயிலில் நாட்டைக் கடந்து, குன்றின் உச்சியிலுள்ள கோயிலை முதலில் தொடுகிறவனுக்கு அந்த ஆண்டின் முதல் மரியாதை. பாதி வழியில் ஒரு புளியந்தோப்பு இருந்தது. அங்கே ஒரே ஒரு முறை தண்ணீர் குடிக்கலாம். அதற்கு மேல் உச்சி வரை வெறும் பாறைதான். அந்தத் தண்ணீருக்கு முன்னோர் இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார்கள். ஓடுகிறவனுக்கு அவன் வீட்டுப் பெண்தான் தன் குடத்திலிருந்து ஊற்ற வேண்டும். அவன் குடிக்கும் முன் வேறு யார் அந்தக் குடத்தில் ஒரு வாய் குடித்தாலும் அவனுடைய ஓட்டம் செல்லாது.

உப்பளத்தில் வேலை செய்யும் சேந்தன்தான் ஆண்டு தவறாமல் ஜெயித்தான். முதலில் ஊர் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. பிறகு அலுத்துப் போயிற்று. உச்சியைத் தொட்ட பிறகும் அவனுக்கு மூச்சு வாங்குவதில்லையே, எப்படி என்று யாரோ கேட்டார்கள். அவன் மனைவி பூவாயி மலையடிவாரத்தில் பிறந்தவள், வேரும் தழையும் அறிந்த குடும்பம் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு போதாதா? களைப்பே தெரியாமல் செய்யும் வேர் ஒன்றை அவள் தண்ணீரில் கலக்கிறாள் என்று பேச்சு பரவியது. அந்த வேரைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் நிறமும் கசப்பும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிடலாம் என்று பூவாயி கணவனிடம் கெஞ்சினாள். செய்யாத தப்புக்குச் சத்தியம் எதற்கு என்று சேந்தன் மறுத்துவிட்டான்.

ஆண்டுதோறும் இரண்டாவதாக வருகிறவன் கொற்றன். மாராயி என்ற விதவையின் ஒரே மகன். சேந்தனைப் பற்றி ஊர் பேசியதில் அவன் ஒரு வார்த்தைகூடச் சேர்த்ததில்லை. நேராக ஓடி ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

பேச்சு அரண்மனைக்கும் எட்டியது. அரசன் கெட்டவன் அல்ல. சந்தேகத்துக்கு ஒரு முடிவு கட்ட நினைத்தான். அந்த ஆண்டு மட்டும் முதல் கட்டளையை மாற்றினான். சேந்தனுக்கு மாராயி ஊற்ற வேண்டும், கொற்றனுக்குப் பூவாயி ஊற்ற வேண்டும். மாராயி கொடுக்கும் தண்ணீரிலும் சேந்தன் ஜெயித்தால் அவன் சுத்தமானவன், தோற்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது கட்டளையையும் தளர்த்தலாமா என்று அமைச்சர் கேட்டதற்கு, அது முன்னோர் வைத்தது, அதில் கைவைக்கக் கூடாது என்றான் அரசன். ஊர் கைதட்டியது.

ஓட்ட நாளில் இருவரும் ஒன்றாகவே தோப்புக்குள் வந்தார்கள். மாராயி ஊற்ற, சேந்தன் தயங்காமல் இரு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டான். பூவாயி குடத்தைச் சாய்த்தாள். கொற்றன் கை ஏந்தவில்லை.

"வெறும் தண்ணிதான் தம்பி. குடி."

"நீங்க எதுவும் கலக்கலைன்னு எனக்குத் தெரியும் அக்கா. ஆனா இதைக் குடிச்சிட்டு நான் ஜெயிச்சா, உங்க வீட்டுக்காரரைப் பேசின வாய் என்னையும் பேசும். எங்கம்மாவால அதைத் தாங்க முடியாது."

பூவாயி தவித்தாள். ஒரு வாய் தானே குடித்துக் காட்டினால் நம்பாத ஊரும் நம்பும். ஆனால் அவன் ஓட்டம் செல்லாமல் போய்விடும். கணவனை ஜெயிக்க வைக்கவே அப்படிச் செய்தாள் என்று அதே ஊர் சொல்லும். அவள் குடிக்கவில்லை. மாராயி, குடிடா ராசா என்று கத்தியது மகன் காதில் விழவில்லை. அவன் அதற்குள் வெயிலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சேந்தன் திரும்பிப் பார்த்தான். கீழே பாறையில் கொற்றன் விழுந்து கிடந்தான். கோயிலை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தேடித் தோப்புக்கு ஓடினான். அவன் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அதுதான். வந்து இறக்கியபோது கொற்றனுக்கு உயிர் இல்லை. முதல் மரியாதை பின்னால் வந்த யாருக்கோ போயிற்று. வேர் இல்லாததால் சேந்தனால் உச்சியைத் தொட முடியவில்லை என்று அன்று மாலையே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். சத்தியம் செய்ய மறுத்த சேந்தனா, ஒரு வாய் குடித்துக் காட்டாத பூவாயியா, தண்ணீரை மறுத்த கொற்றனேதானா, குடங்களை மாற்றிய அரசனா? கொற்றனின் சாவுக்கு யார் பொறுப்பு?

என்னைக் கேட்டால், பொறுப்பு அரசனுடையதுதான். பூவாயியின் குடத்தில் வேர் இருக்கிறது என்று அவன் நம்பியிருந்தால், ஒரு பாவமும் அறியாத கொற்றனுக்கு அதைக் கொடுக்கச் சொன்னது எப்படித் தகும்? இல்லை என்று நம்பியிருந்தால், அதை ஊரறியச் சொல்ல என்ன தடை? முன்னோர் கட்டளை ஒன்றை மாற்றத் துணிந்தவன் மற்றதையும் மாற்றி, அந்தக் குடத்தில் தானே முதலில் குடித்திருக்கலாம். மற்றவர்கள் ஊருக்குப் பயந்தார்கள், அல்லது ஊர்மேல் கோபப்பட்டார்கள். அரசன் மட்டும்தான் ஊரைத் திருப்திப்படுத்தப் பார்த்தான். காரியம் முடிந்த பிறகு மாராயி வீடு வீடாகப் போய், சேந்தன் என் கைத் தண்ணீரைக் குடித்துத்தான் என் மகனுக்கு முன்னால் ஓடினான், அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்ததில் பாவம் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள்.