அரச மரம் கொடுத்த ஒரு துளி

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. அதிலும் அரச மரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதன் இலை இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. வட்டமாக, நடுவில் குழிந்து, தொன்னை மாதிரி இருக்கும். காற்றடித்தாலும் லேசில் ஆடாது. மழையும் பனியும் அதில் தேங்கி நிற்கும். குருவிகள் வந்து குடித்துவிட்டுப் போகும். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறோம் என்று மரத்துக்கு ஒரே பெருமை.

பனிமலை அடிவாரத்தில் நின்ற அப்படி ஒரு மரத்தடிக்குத்தான் உமை தவம் செய்ய வந்தாள். மலையரசனின் மகள். மலை உச்சியில் கண்மூடி உட்கார்ந்திருந்த சிவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு காதல். எதிரே போய் நின்று பார்த்தாயிற்று, பூ வைத்துக் கும்பிட்டும் பார்த்தாயிற்று. அவர் கண்ணைத் திறக்கவில்லை. தவத்துக்குத்தான் அவர் இறங்கி வருவார் என்று புரிந்துபோயிற்று.

"மரமே, நீதான் எனக்குச் சாட்சி," என்றாள். "அவர் என் முன்னால வந்து நிற்கிற வரைக்கும் சோறு இல்ல, பழம் இல்ல, ஒரு சொட்டுத் தண்ணிகூட என் நாக்குல படாது. பட்டுச்சுன்னா இது தவமே இல்ல."

"தண்ணி குடிக்கிறது ஒரு தப்பாம்மா?"

"தப்பு இல்ல. வேண்டாம்னு நான் முடிவு பண்ணியிருக்கேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். கோடை போயிற்று, பனிக்காலம் வந்தது, மறுபடியும் கோடை வந்தது. அவள் கன்னம் ஒட்டிப்போனது, உதடு வெடித்தது. மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த மரத்துக்கு மனசு கேட்கவில்லை. விரதம் இருக்கிறவர்களிடம் போய், "யாருக்குத் தெரியப்போகுது, ஒரு வாய் குடி" என்று தம்ளரை நீட்ட வீட்டுக்கு ஒருவர் இருப்பார்களே, மரமும் அந்த ரகம்தான். கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது.

ஒரு விடியற்காலை, உமை தன்னை மறந்து தவத்தில் ஆழ்ந்திருந்தபோது, மரம் ஓர் இலையை மெல்லச் சாய்த்தது. பனித்துளி ஒன்று வெடித்த உதட்டின் வழியே உள்ளே இறங்கியது. அவளுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கென்று பார்த்துச் சிவன் கண்ணைத் திறந்தார். மலையை விட்டு இறங்கி நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"உமா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். சொன்னபடி தவத்தை முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் சாமி. ஒரு சொட்டுத் தண்ணி படல. வேணும்னா இந்த மரத்தைக் கேளுங்க."

சிவன் அண்ணாந்து பார்த்தார். மரத்துக்கு உயிரே போய்விட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம். ஆனால் அவ்வளவு நம்பிக்கையோடு சாட்சிக்கு அழைத்தவள் முகத்தைப் பார்த்தபிறகு அதற்குப் பொய் வரவில்லை.

"காலையில ஒரு துளி கொடுத்துட்டேன் சாமி. அம்மாவுக்குத் தெரியாது. அவங்க படுற பாட்டைப் பார்க்க முடியல."

சிவன் சிரித்தார். "தெரியாம நடந்தது தவத்தைக் கெடுக்காது. எழுந்திரு, போகலாம்," என்று கையை நீட்டினார்.

உமை அந்தக் கையையே பார்த்தாள். பிடித்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! ஆனால் பிடிக்கவில்லை.

"அப்போ தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சே. குறையோட உங்க கையைப் பிடிச்சா, காலம் பூரா எனக்கு அது உறுத்தும்."

"என்னைச் சபிச்சிடுங்கம்மா!" என்று மரம் கதறியது.

"எதுக்குச் சபிக்கணும்? பாசத்துலதான் கொடுத்தே. ஆனா எனக்கு எது வேணும்னு உன்கிட்ட நான் சொல்லியிருந்தேனே. அதை நீ காதுல வாங்கலையே."

சொல்லிவிட்டு அதே மரத்தடியில், அதே இடத்தில், முதல் நாளிலிருந்து தவத்தைத் தொடங்க மறுபடியும் கண்ணை மூடினாள். வேறு மரம் தேடிப் போகவில்லை. மரத்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிவனும் மலைக்குத் திரும்பவில்லை. புலித்தோலை அவளுக்கு எதிரே விரித்தார். "அவ குடிக்கிற வரைக்கும் எனக்கும் வேண்டாம்," என்று மரத்திடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரை நினைத்து எத்தனையோ பேர் தவம் இருந்ததுண்டு. ஒருத்திக்காக அவர் தவம் இருந்தது அப்போதுதான்.

மரத்துக்கு ஒரே பயம். இனி ஒரு துளிகூடத் தன்மேல் தங்கக் கூடாது. பனி இறங்க இறங்க இலைகளை அப்பால் உதறிக்கொண்டே இருந்தது. உதறி உதறிக் குழி தட்டையாயிற்று. நீர் வழிந்து வழிந்து நுனி வால்போல நீண்டது.

முன்பு இருந்த அத்தனை நாளும் மறுபடி கழிந்து, தவம் முடிந்தது. உமை தானே எழுந்து சிவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகம் கொள்ளாத சிரிப்போடு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்போ கேக்கறேன். முதல் வாய்த் தண்ணியை நீதான் எங்களுக்குக் கொடுக்கணும்."

கொடுக்க அதனிடம் ஒரு துளியும் இல்லை. அவசர அவசரமாக எல்லா இலைகளையும் அசைத்துத் தேடியது. எங்குமே இல்லை.

காற்றே இல்லாத நடுப்பகலில் மற்ற மரமெல்லாம் சும்மா நிற்க, அரச இலை மட்டும் படபடத்துக்கொண்டே இருப்பது அன்று முதல்தான்.